கச்சிதமான பிஸ்டலில் தோட்டா ஏற்றுவதும் இறக்குவதும்: சரியான முறை எது?

#1 கயல் (டல்லஸ்)

எல்லோருக்கும் வணக்கம். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு கிளாக் 19 பிஸ்டல் ஒன்று வாங்கியிருக்கிறேன். பயிற்சி வகுப்புக்கும் போய் வந்தேன். கூட்டம் அதிகம். தோட்டா ஏற்றுவதைப் பயிற்றுநர் ஒருமுறை விறுவிறுவென்று செய்து காட்டிவிட்டு, உடனே குறி பார்ப்பது, மூச்சை அடக்குவது என்று போய்விட்டார். எனக்குச் சுடும் நேரத்தைவிட அதற்கு முன்னும் பின்னும் வரும் அந்த ஒரு நிமிடம்தான் கவலை தருகிறது.

கேட்க வேண்டியவை இவை. ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) மிகவும் விறைப்பாக இருக்கிறது. பலம் கொடுத்து இழுக்கும்போது குழல் தானாக இடப்பக்கம் திரும்பப் பார்க்கிறது. என்ன செய்தால் நேராக நிற்கும்? அடுத்து, சுட்டுப் பழகும் ரேஞ்சில் பக்கத்து லேனில் ஒருவர் தோட்டாவை இறக்கும்போது ஸ்லைடின் திறப்பை உள்ளங்கையால் மூடி, வெளியே வரும் தோட்டாவைக் கையிலேயே பிடித்தார். பார்க்க நேர்த்தியாக இருந்தது. அது சரியான முறைதானா? மூன்றாவது, மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை) கழற்றிவிட்டால் துப்பாக்கி சுடாது என்கிறார் என் கணவர். உண்மையா?

அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். நான்கு வயது மகள் இருக்கிறாள். இவற்றையும் மனத்தில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

#2 வடக்கு ஹூஸ்டன்

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றவை காத்திருக்கலாம். மேகசினைக் கழற்றினாலும் கிளாக் 19 சுடும். இதை உங்கள் கணவரிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள்.

மேகசின் வெறும் இருப்புப் பெட்டிதான். அடுத்து வெடிக்கப்போகும் தோட்டா அதில் இல்லை, குழலின் பின்முனையில் உள்ள சேம்பரில் இருக்கிறது. மேகசின் கையோடு வந்துவிட்டது என்பதற்காகச் சேம்பரில் இருப்பது எங்கும் போய்விடாது. 1935இல் வந்த பிரௌனிங் ஹை-பவர் போன்ற சில பிஸ்டல்களில், மேகசின் இல்லாதபோது ட்ரிகர் இயங்காதபடி ஓர் அமைப்பு உண்டு. அப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்தவர்கள் எல்லாப் பிஸ்டலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிளாக்கில் அந்த அமைப்பு கிடையாது. விரலால் தள்ளிவிடும் தனிப் பாதுகாப்புப் பொத்தானும் வழக்கமான கிளாக் 19இல் இல்லை. அதன் மூன்று தடைகளும் ட்ரிகரிலும் அதற்கு உள்ளேயும்தான் இருக்கின்றன. ட்ரிகரை இழுத்தால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விலகிவிடும்.

இன்னொன்று. சுத்தம் செய்வதற்காகக் கிளாக்கைப் பிரிக்கும்போது ட்ரிகரை ஒருமுறை இழுத்தாக வேண்டும். மேகசினைக் கழற்றிவிட்டுச் சேம்பரை மறந்த ஒருவர், துடைக்க உட்கார்ந்த இடத்திலேயே மேசையைத் துளைத்துவிடலாம். இந்த வகைப் பிஸ்டலோடு வாழ்கிறவர்களுக்கு இறக்கும் முறை தலையாய பாடம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இறக்குவதில் வரிசைதான் எல்லாம். முதலில் மேகசின், பிறகு சேம்பர். இதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுக்கிறீர்கள். சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழுகிறது. ஸ்லைடு முன்னே போகும்போது மேகசினின் உச்சியில் இருக்கும் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேம்பரில் வைத்துவிடுகிறது. அதன்பிறகு மேகசினைக் கழற்றுகிறீர்கள். தோட்டா ஒன்று கீழே கிடக்கிறது, மேகசின் கையில் இருக்கிறது, கண்ணுக்குத் துப்பாக்கி காலியாகத் தெரிகிறது. உண்மையில் அது சுடத் தயாராக இருக்கிறது. செய்த செயல்கள் இரண்டும் சரியானவை, வரிசை மட்டும் தவறு. ஆளைக் கொல்ல அது போதும்.

ஆகவே: குழல் பாதுகாப்பான திசையில், ஆள்காட்டி விரல் ட்ரிகருக்கு வெளியே, ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் பிஸ்டல் சட்டத்தின் (ஃப்ரேம்) பக்கவாட்டில் நீட்டியபடி. பொத்தானை அழுத்தி மேகசினை எடுத்துப் பைக்குள் போடுங்கள் அல்லது தள்ளி வையுங்கள், கையில் வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். பிறகு ஸ்லைடை முழுவதுமாகப் பின்னுக்கு இழுத்து விடுங்கள். சேம்பரில் தோட்டா இருந்தால் அது வலப்பக்கம் தெறித்து விழும், விழட்டும். மீண்டும் ஓரிரு முறை இழுங்கள். கடைசியில் இழுத்த நிலையிலேயே இடக்கட்டைவிரலால் ஸ்லைடு ஸ்டாப் என்ற சிறிய நெம்புகோலை மேலே தள்ளி ஸ்லைடைத் திறந்தபடி நிறுத்துங்கள். காலி மேகசின் உள்ளே இருந்தால்தான் அது தானாக நிற்கும். மேகசின் இல்லாதபோது நீங்களேதான் நிறுத்த வேண்டும். புதியவர்கள் பலர் தடுமாறும் இடம் இது.

இனிப் பார்ப்பது. சேம்பரின் வாய், மேகசின் குழி, ஸ்லைடின் முகப்பு என்று மூன்று இடங்கள். வெளிச்சத்தில் பாருங்கள். சுண்டுவிரலைச் சேம்பருக்குள் விட்டுத் தடவுங்கள். வெறும் துளை விரலுக்குத் தெரியும். பார்வையை வேறு எங்காவது திருப்பிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அவசரத்தில் கண் தான் எதிர்பார்ப்பதைத்தான் பார்க்கும்.

#3 பொறுமைசாலி

ரேஞ்சில் பாதுகாப்பு அலுவலராக வார இறுதிகளில் நிற்கிறேன். ஏற்றும் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

துப்பாக்கியைத் தொடும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. தோட்டாப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, குழலில் என்ன பொறித்திருக்கிறது, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். கிளாக் 19க்கு வேண்டியது 9 மி.மீ. லூகர், அதாவது 9x19. கடையில் ‘9’ என்ற எண்ணைத் தாங்கி வேறு தோட்டாக்களும் இருக்கும். .380 ஏசிபிக்கு 9 மி.மீ. குர்ட்ஸ் என்றொரு பெயர் உண்டு, அதன் பித்தளை உறையின் நீளம் 17 மி.மீ.தான். மக்காரோவ் 9x18. இவை எதுவும் உங்கள் பிஸ்டலுக்கு உரியவை அல்ல. தோட்டாவின் அடிப்பக்கத்திலும் வகை பொறித்திருக்கும். ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்க்க நேரம் ஆகாது.

மேகசினை நிரப்பும்போது, உள்ளே இருக்கும் தோட்டாவின் பின்விளிம்பைப் புதிய தோட்டாவால் கீழே அழுத்திக்கொண்டே, மேல் உதடுகளுக்கு அடியில் பின்னோக்கிச் சறுக்கிவிடுங்கள். ஈய முனை முன்பக்கம் பார்க்க வேண்டும். கடைசி இரண்டு மூன்று தோட்டாக்களுக்குக் கட்டைவிரல் நோகும். கிளாக்கோடு பெட்டியில் வரும் சிறிய பிளாஸ்டிக் லோடரை வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். 15 தோட்டா கொள்ளும் மேகசினில் 14 மட்டும் போடுபவர்களும் உண்டு. முழுக்க நிரம்பிய மேகசின், ஸ்லைடு மூடியிருக்கும்போது எளிதில் உள்ளே போய் மாட்டாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். புது மேகசினில் அது உண்மைதான்.

மேகசினை உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ‘டக்’ என்ற சத்தம் வரும்வரை தள்ளுங்கள். பிறகு கீழ்நோக்கி ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். மாட்டாத மேகசின் இந்த இழுப்பிலேயே கையோடு வந்துவிடும்.

இப்போது ஸ்லைடு. கயல் சொன்னது போலக் குழல் இடப்பக்கம் ஓடுவது ஏன் தெரியுமா? கையை முன்னே நீட்டி வைத்துக்கொண்டு, விரல் நுனிகளால் கிள்ளி இழுக்கிறோம். அந்த நிலையில் தோளுக்கும் முழங்கைக்கும் பலம் கிடையாது. அதனால் உடம்பு தானே ஒரு வழி தேடிக்கொண்டு துப்பாக்கியைக் குறுக்கே திருப்புகிறது. வலக்கைக்காரர்களுக்கு அது இடப்பக்க லேனில் நிற்பவரைப் பார்க்கும். நான் ரேஞ்சில் அடிக்கடி குரல் கொடுப்பது இதற்காகத்தான்.

துப்பாக்கியைத் திருப்பாதீர்கள், உடம்பைத் திருப்புங்கள். வலக்கைக்காரர் என்றால் வலக்காலைப் பின்னுக்கு வைத்து, இடத்தோள் இலக்கைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவாருங்கள், குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கும். இடக்கையை ஸ்லைடின் மேலே கவிழ்த்து, பின்பகுதியில் இருக்கும் வரிகளை நான்கு விரல்களுக்கும் உள்ளங்கையின் அடிமேட்டுக்கும் நடுவே இறுகப் பிடியுங்கள். பக்கவாட்டுத் திறப்பை மூடாதீர்கள். இப்போது இடக்கை ஸ்லைடைப் பிடித்து நிற்கட்டும், வலக்கை கைப்பிடியை முன்னோக்கிக் குத்துவதுபோல் தள்ளட்டும். இழுப்பதைவிடத் தள்ளுவதில் உடம்புக்குப் பலம் அதிகம்.

ஸ்லைடு கடைசிவரை வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அது தன் ஸ்பிரிங்கின் முழு வேகத்தில் மூடட்டும். சத்தத்துக்குப் பயந்து ஸ்லைடோடு கையையும் மெதுவாக முன்னே கொண்டுபோகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தோட்டா பாதி வழியில் நின்றுவிடும், ஸ்லைடு முழுவதும் மூடாது.

கச்சிதமான பிஸ்டல்களில் இன்னோர் ஆபத்து, குழல் குட்டை. கிளாக் 19க்கு 102 மி.மீ.தான். அதைவிடச் சிறியவையும் இருக்கின்றன. பிடிக்க இடம் போதாமல் சிலர் ஸ்லைடின் முன்பகுதியைப் பிடிக்கிறார்கள். அங்கிருந்து கை சறுக்கினால் விரல் நேராகக் குழலின் வாய்க்கு முன்னால் போகும்.

#4 அன்னலட்சுமி (சான் அன்டோனியோ)

கயல், எனக்குக் கைமூட்டுகளில் வாதம். பொறுமைசாலி தம்பி சொல்லும் ‘வலக்கையால் தள்ளுவது’ தான் எனக்கும் வழி காட்டியது. பலம் போதவில்லை என்று வருந்த வேண்டாம், பெரும்பாலும் பிடியும் நிலையும்தான் குறை.

ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். கை ஈரமாகவோ லோஷன் பூசியோ இருந்தால் ஸ்லைடு வழுக்கும். அதைத் தவிர்த்துவிடுங்கள். நிரப்புவதற்குக் கையடக்கமான லோடர் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. அவை உள்ளிருக்கும் தோட்டாவைத் தாங்களே அழுத்திக்கொள்ளும். கட்டைவிரல் பிழைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் முடியவில்லை என்றால் ஆயுதத்தையே மாற்றலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஸ்மித் அண்ட் வெஸன் 2018இல் .380 ஷீல்டு ஈஸி என்ற மாடலைக் கொண்டுவந்தது. ஸ்லைடை எளிதாக இழுக்க வேண்டும் என்பதையே நோக்கமாக வைத்துச் செய்தது. பெரெட்டாவின் சில சிறிய பிஸ்டல்களில் ஸ்லைடைத் தொடவே வேண்டாம், நெம்புகோலைத் தள்ளினால் குழலின் பின்முனை மேலே தூக்கிக்கொள்ளும், தோட்டாவை நேராகச் சேம்பரில் வைக்கலாம், எடுக்கலாம். சேம்பர் காலியா என்று பார்க்க அதைவிடத் தெளிவான வழி இல்லை.

#5 சுதா (ஆஸ்டின்)

வடக்கு ஹூஸ்டன் அண்ணா சொன்னதில் எனக்கு மாறுபாடு உண்டு. மேகசினை எடுத்துவிட்டு ஸ்லைடை மூன்று முறை இழுத்தால் உள்ளே எதுவும் இருக்க வழியே இல்லை. சேம்பருக்குள் சுண்டுவிரல் விடுவதெல்லாம் தேவைக்கு மேல். தோட்டாவைக் கையில் பிடிப்பதும் எனக்குத் தவறாகத் தெரியவில்லை. தரையில் விழுந்தால் நசுங்குகிறது, மண் ஒட்டுகிறது. ரேஞ்சில் உருண்டு சுடும் கோட்டுக்கு அப்பால் போனால் எடுக்கவும் முடியாது. தற்காப்புத் தோட்டா விலையும் குறைவில்லை. கயலின் பக்கத்து லேன்காரர் பழகிய ஆளாகத்தான் இருப்பார்.

#6 வடக்கு ஹூஸ்டன்

சுதா, மூன்று முறை இழுப்பது ஒரு சடங்கு. சடங்கு எதையும் நிரூபிக்காது.

சேம்பரில் இருக்கும் தோட்டாவை வெளியே இழுத்துவருவது எக்ஸ்ட்ராக்டர் என்ற ஒரு சிறிய கொக்கி. அது தோட்டாவின் பின்விளிம்பைக் கவ்விக்கொண்டு வர வேண்டும். கொக்கியின் முனை உடைந்திருந்தால், அல்லது அதனடியில் கரி அடைந்து அது கவ்வாமல் போனால், ஸ்லைடு மட்டும் பின்னே வரும், தோட்டா சேம்பரிலேயே உட்கார்ந்திருக்கும். மூன்று முறை அல்ல, முப்பது முறை இழுத்தாலும் அப்படியே. எதுவும் தெறித்து விழாததைப் பார்த்து ‘காலிதான்’ என்று நினைப்பீர்கள். கண்ணும் விரலும் மட்டும்தான் அந்த நேரத்தில் உண்மை சொல்லும்.

எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தோட்டாவைச் சேம்பரில் ஏற்றியது உங்களுக்குத் தெரியும் என்றால், இறக்கும்போது ஒன்று வெளியே வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் வேலை முடியவில்லை. தரையில் விழுந்ததைத் தேடி எடுத்துப் பார்க்கும்வரை நான் துப்பாக்கியைக் காலி என்று சொல்வதில்லை.

கிளாக்கின் எக்ஸ்ட்ராக்டர் சேம்பரில் தோட்டா இருக்கும்போது சற்றே வெளியே துருத்திக்கொண்டிருக்கும். இருட்டில் விரலால் தடவினாலும் தெரியும். ‘இருக்கிறது’ என்று அது சொன்னால் நம்புங்கள். ‘இல்லை’ என்று சொன்னால் நம்பாதீர்கள், திறந்து பாருங்கள்.

உள்ளங்கையில் பிடிப்பதைப் பற்றி இங்கே என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

#7 இரவுப்பணி

அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். அந்தக் காயத்தைப் பார்த்திருக்கிறேன், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

தோட்டாவை வெளியே தட்டிவிடுவதற்கு எஜெக்டர் என்ற சிறிய உலோக நாக்கு சட்டத்தில் நிற்கிறது. ஸ்லைடு பின்னே வரும்போது தோட்டாவின் அடிப்பக்கம் அதில் மோதித்தான் பக்கவாட்டில் தெறிக்கிறது. திறப்பைக் கை மூடியிருந்தால் தோட்டா வெளியேற வழியில்லாமல் உள்ளேயே புரளும். அப்போது எஜெக்டரின் முனை தோட்டாவின் விளிம்பில் படாமல் நடுவில் இருக்கும் பிரைமரில் (அடிபட்டதும் தீப்பற்றும் சிறு மூடியில்) குத்த வாய்ப்பு உண்டு. வேகமாக இழுத்தால் அந்தக் குத்தே போதும், தோட்டா வெடித்துவிடும்.

சேம்பருக்குள் வெடித்தால் சுற்றிலும் எஃகுச் சுவர் இருக்கிறது, அழுத்தம் குழலின் வழியே போகும். இங்கே சுவர் இல்லை. பித்தளை உறை கிழிந்து துண்டுதுண்டாகப் பறக்கும். அருகில் இருக்கும் சுவர் உங்கள் உள்ளங்கைதான். நான் பார்த்தவருக்குக் கட்டைவிரல் மேட்டில் தோல் கிழிந்து, உள்ளே நகக்கண் அளவில் பித்தளைச் சில்லுகள், சுற்றிலும் கரித்துகள் பதிந்த புள்ளிகள். எக்ஸ்ரேயில் சில்லுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. விரலுக்குப் போகும் நரம்பின் பக்கத்தில் கிடந்ததை எடுக்க அறுவை சிகிச்சைக்கு அனுப்பினோம். அவரும் பழகிய ஆள்தான், சுதா.

அரிதாக நடப்பது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரே வைக்கும் பணயம் என்ன? ஒரு தோட்டாவின் விலை. தரையில் ஒரு துண்டை விரித்துவிட்டால் தோட்டாவுக்கும் ஒன்றும் ஆகாது. கோட்டுக்கு அப்பால் உருண்டதை அப்படியே விட்டுவிடுங்கள்.

கண் கண்ணாடி போட்டுக்கொண்டு இறக்குங்கள். சுட்ட பிறகு மட்டும் அல்ல, தோட்டாக்களை நிரப்பிய பிறகும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈயம் வாய்க்குப் போகும், மகளின் கைக்கும் போகும்.

#8 சுதா (ஆஸ்டின்)

இரவுப்பணி எழுதியதைப் படித்தேன். பிடிப்பது இனி இல்லை. கொக்கி உடையும் வாய்ப்பையும் யோசித்துப் பார்த்தேன், விரல் விட்டுப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தரையிலிருந்து எடுத்த தோட்டாவையே மறுநாள் திரும்பவும் ஏற்றலாமா என்று ஒரு கேள்வி.

#9 பொறுமைசாலி

நல்ல கேள்வி. ஓரிரு முறை பரவாயில்லை, அதையே வழக்கமாக்கக் கூடாது.

ஒவ்வொரு முறை சேம்பருக்குள் போகும்போதும் தோட்டாவின் ஈய முனை சரிவில் இடித்துத்தான் உள்ளே ஏறுகிறது. தினமும் இறக்கி, தினமும் அதே தோட்டாவை ஏற்றினால், முனை கொஞ்சம் கொஞ்சமாகப் பித்தளை உறைக்குள் அமிழ்ந்துவிடும். உள்ளே வெடிமருந்துக்கு இருக்கும் இடம் குறைகிறது, சுடும்போது அழுத்தம் ஏறுகிறது. 9 மி.மீ. லூகருக்கு அமெரிக்கத் தரநிர்ணயம் வைத்திருக்கும் உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அதற்கு மேல் போக விட வேண்டாம்.

பெட்டியிலிருந்து ஒரு புதுத் தோட்டாவை எடுத்து, இறக்கியதைப் பக்கத்தில் நிறுத்தி வைத்து உயரம் பாருங்கள். மேசைமேல் இரண்டையும் நிற்க வைத்து அட்டை ஒன்றை மேலே வைத்தால் கண்ணுக்குத் தெரியாத சரிவும் தெரிந்துவிடும். குட்டையாகிவிட்டது என்றால் ரேஞ்சில் பழுதான தோட்டா போடும் பெட்டியில் சேர்த்துவிடுங்கள். வீட்டுக் குப்பையில் போடாதீர்கள்.

மற்றபடி இதற்கு நிரந்தரத் தீர்வு, தேவையில்லாமல் ஏற்றி இறக்காமல் இருப்பதுதான். பெல்ட்டிலிருந்து எடுக்கும்போது பிஸ்டலை உறையோடு சேர்த்தே எடுத்துப் பெட்டகத்தில் வைக்கலாம். ட்ரிகர் மூடியே இருக்கும், யாரும் ஸ்லைடைத் தொட வேண்டியதில்லை.

#10 மணல்வாளி

மூன்றாவது மாடியைப் பற்றி யாரும் பேசவில்லையே! ‘பாதுகாப்பான திசை’ என்று எல்லோரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ரேஞ்சில் அது எளிது, எதிரே மண்மேடு இருக்கிறது. வீட்டில் எங்கே இருக்கிறது?

அமெரிக்க அடுக்குமாடிகளில் அறைகளைப் பிரிக்கும் ஜிப்சம் பலகைச் சுவர் 9 மி.மீ. தோட்டாவை நிறுத்தாது. ஒரு சுவரைத் தாண்டி அடுத்ததையும் தாண்டும். தரை என்றால் கீழ்வீட்டுக்காரர் இருக்கிறார், கூரை என்றால் மேல்வீட்டுக்காரர். கழிவறைச் சுவர், அலமாரி, மெத்தை எதுவும் கணக்கில் வராது.

ராணுவ முகாம்களில் கட்டடத்துக்குள் நுழையும் முன் மணல் நிரப்பிய பீப்பாய் ஒன்று சாய்வாக வைத்திருப்பார்கள். குழலை அதற்குள் பார்க்கவைத்துத்தான் இறக்குவார்கள். அதையே வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஐந்து கேலன் வாளியில் விளிம்புவரை உலர்ந்த மணலை நிரப்பி, பெட்டகத்துக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் நிரந்தரமாக வையுங்கள். குழல் மணலின் நடுவை நோக்கி நேர் கீழே பார்க்க வேண்டும், மணலுக்குள் புதையக் கூடாது. ஏற்றுவது, இறக்குவது இரண்டும் அந்த ஓரிடத்தில் மட்டும். சோபாவில் உட்கார்ந்துகொண்டோ, பேசிக்கொண்டோ, தொலைக்காட்சி ஓடும்போதோ கூடாது. தோட்டாவைத் தடுக்கும் கெவ்லார் இழை அடுக்குகளால் செய்த பைகளும் இதற்கென்றே விற்கின்றன, இடம் குறைவான வீட்டுக்கு அவை வசதி.

அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்றுநர் ஜெஃப் கூப்பர் தொகுத்த நான்கு விதிகளை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எல்லாத் துப்பாக்கியும் தோட்டா உள்ளதே. அழிக்க விரும்பாத எதன்மேலும் குழலைக் காட்டாதே. குறி இலக்கில் அமரும்வரை விரல் ட்ரிகரில் கூடாது. இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். வீட்டில் தோட்டா இறக்குகிறவருக்குக் கடைசி விதியின் பின்பாதிதான் கடினமானது. கீழ்வீட்டில் தொட்டில் எங்கே கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

#11 கோவைக்காரர்

ஊரிலிருந்து எழுதுகிறேன். இங்கே 9 மி.மீ. பாரபெல்லம், அதாவது மேலே சொன்ன 9 மி.மீ. லூகர், தனியாருக்குத் தடை செய்யப்பட்ட வகை. உரிமம் உள்ளவர்களிடம் இருப்பது பெரும்பாலும் .32 பிஸ்டல்தான். தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். ஆண்டுக்கணக்கில் பீரோவில் கிடந்ததை அன்றைக்குத்தான் வெளியே எடுப்பார்கள். இறக்கும் முறை தெரியாமல் மேசைமேல் வைத்துத் தடவிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த இழை இங்கும் தேவை.

பழைய பிரௌனிங் வடிவமைப்புகளில் இரண்டு வேறுபாடுகளைக் கவனியுங்கள். மேகசினை விடுவிக்கும் கொக்கி பலவற்றில் கைப்பிடியின் அடியில் இருக்கும். ஒரு கையால் கொக்கியைப் பின்னுக்குத் தள்ளி, அதே நேரத்தில் மேகசினையும் உருவ வேண்டும். இரண்டு கையும் அந்த வேலையில் இருக்கும்போது குழல் எங்கே பார்க்கிறது என்று மறந்துவிடும். இரண்டாவது, சேஃப்டி பூட்டியிருந்தால் ஸ்லைடு நகராத பிஸ்டல்கள் உண்டு. இறக்க வேண்டுமானால் சேஃப்டியை விடுவித்தே ஆக வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத அந்தச் சில நொடிகளில் உங்கள் விரல் இருக்கும் இடம் ஒன்றுதான் பாதுகாப்பு.

சுத்தியல் (ட்ரிகரை இழுத்ததும் பாய்ந்து அடிக்கும் பாகம்) வெளியே தெரியும் மாடல்களில், தோட்டா சேம்பரில் இருக்கும்போது சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்து ட்ரிகரை இழுத்து மெதுவாக இறக்கும் பழக்கம் பெரியவர்கள் பலரிடம் இருக்கிறது. ஐயா, விட்டுவிடுங்கள். கட்டைவிரல் வழுக்கினால் வெடிக்கும். முதலில் தோட்டாவை இறக்குங்கள், சுத்தியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன்பே வீட்டில் இறக்கி, தோட்டாக்களைத் தனிப்பையில் போட்டு, ஸ்லைடைத் திறந்த நிலையில் கொண்டுபோங்கள். மேசைக்கு அப்பால் இருப்பவரும் நிம்மதியாக வாங்கிக்கொள்வார்.

#12 நெறியாளர்

படிப்பவர்களில் விசாவில் இருப்பவர்கள் பலர் என்பதால் ஒரு குறிப்பு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி எச்1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கப் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. நண்பரின் பிஸ்டலை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்வதும் இதில் சிக்கும். வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்காதீர்கள். டெக்சஸில் 2021 முதல் உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு செல்லலாம் என்பதை வைத்து, யாரும் எதையும் செய்யலாம் என்று எண்ண வேண்டாம்.

#13 வடக்கு ஹூஸ்டன்

கோவைக்காரர் சொன்ன ‘மேசைக்கு அப்பால் இருப்பவர்’ முக்கியம். இங்கே ஐபிஎஸ்சி வகைத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் ஒவ்வொருவரும் சுட்டு முடித்ததும், இறக்கிக் காட்டச் சொல்லி ரேஞ்ச் அலுவலர் கட்டளை கொடுப்பார். மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து, திறந்தபடி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் தன் கண்ணால் பார்த்த பிறகு மூடச் சொல்வார். பிறகு மண்மேட்டை நோக்கி ட்ரிகரை ஒருமுறை இழுத்துவிட்டு உறையில் போட வேண்டும். இறக்கும்போது தோட்டா வெடித்தால் அன்றைய போட்டியிலிருந்து நீக்கம்தான், எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும்.

வீட்டில் உங்கள் கணவரை அந்த அலுவலராக்குங்கள், கயல். நீங்கள் பார்த்து முடித்ததும் அவரும் பார்க்கட்டும். அவருக்கு மேகசின் குழப்பமும் தீரும்.

இன்னொன்று, கையைவிட்டுத் துப்பாக்கி நழுவினால் எட்டிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். விழட்டும். நல்ல நிலையில் இருக்கும் நவீன பிஸ்டல் விழுந்து வெடிப்பது அரிது, எட்டிப் பிடிக்கும் விரல் ட்ரிகரில் போய் மாட்டுவது அரிதல்ல.

#14 கயல் (டல்லஸ்)

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. காலி பிஸ்டலோடு பக்கவாட்டில் நின்று, வலக்கையால் தள்ளிப் பார்த்தேன். ஸ்லைடு முழுவதும் வருகிறது, குழலும் நகரவில்லை. கணவர் இழை முழுவதையும் படித்துவிட்டு, மணல் வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போயிருக்கிறார்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. வீட்டில் சேம்பரில் தோட்டா வைத்திருப்பதா, வேண்டாமா? மகளை நினைத்தால் மனம் ஒப்பவில்லை.

#15 அன்னலட்சுமி (சான் அன்டோனியோ)

சேம்பர் காலியாக இருக்கட்டும், பெட்டகம் பூட்டியிருக்கட்டும் என்பேன். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை எடுக்கும்படி தோட்டா உள்ள துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சஸில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான்கு வயதுக் குழந்தை மேசைமேல் ஏறும், தலையணைக்கு அடியில் கை விடும். ஸ்லைடை இழுக்க அதற்குப் பலம் கிடையாது, ட்ரிகரை இழுக்க இரண்டு கட்டைவிரலும் போதும்.

#16 பொறுமைசாலி

அக்கா சொன்னதே என் கருத்தும். தினமும் இடுப்பில் வைத்துச் செல்கிறவரின் கணக்கு வேறு, அது ட்ரிகரை மூடிய நல்ல உறையும் நீண்ட பயிற்சியும் இருந்தால் மட்டும். புதிதாகத் தொடங்குகிற கயலுக்கு இப்போது அது தேவையில்லை.

பழகுவதற்கு 9 மி.மீ. டம்மித் தோட்டா ஐந்து வாங்குங்கள், நிறத்தாலேயே வேறுபட்டுத் தெரியும் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக். உண்மைத் தோட்டா அந்த அறையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மேகசினில் ஐந்தையும் போட்டு, ஏற்றி, இறக்கி, திறந்து பார்த்து, தடவிப் பார்த்து, விழுந்ததை எண்ணி எடுங்கள். ஸ்லைடோடு கை முன்னே போனால் டம்மி பாதியில் நின்று காட்டிக்கொடுத்துவிடும். வேகம் பார்க்க வேண்டாம். சனிக்கிழமை காலை ரேஞ்சுக்கு வருவதாக இருந்தால் டம்மிகளையும் தனிப்பெட்டியில் கொண்டுவாருங்கள். மேகசினில் உண்மைத் தோட்டாவுக்கு நடுவே ஒன்றை நான் கலந்து தருகிறேன். சுடாத தோட்டா வந்தால் குழலை இலக்கிலேயே வைத்து முப்பது நொடி காத்திருந்து இறக்குவது எப்படி என்பதை அங்கேயே பழகிக்கொள்ளலாம்.